பழம் போட்டால் பீர் இனிக்காது: முதன்முறை வீட்டில் காய்ச்சுவோருக்கு ஒரு விளக்கம்

(திரையில்: 20 லிட்டர் பீர் உள்ள கொள்கலன், அதன் அருகில் 2 கிலோ ராஸ்பெர்ரி.)

வணக்கம். மது அளவு 5 சதவீதமாக உள்ள இந்த 20 லிட்டர் பீரில் இந்தப் பழம் முழுவதையும் கொட்டி, நொதித்து முடிந்தபின் அளந்தால், மது அளவு கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் விடையைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எழுதிய விடையைப் பிறகு திருத்துவது அழுகுணி ஆட்டம்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து, இறங்கிய இனிப்பு நீரைக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் பீர். முதன்முறை செய்பவர் ஊறவைக்கும் வேலையை விட்டுவிட்டு, ஆயத்தமாகக் கிடைக்கும் மால்ட் பாகிலிருந்து தொடங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'காய்ச்சுவது' என்றதும் சிலர் சாராயத்தை நினைத்து முகம் சுளிக்கிறார்கள். இங்கே வாலையும் இல்லை, வடிப்பதும் இல்லை, கொதிக்கவைத்துப் புளிக்கவிடுகிறோம். அதுவும் உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் வயதும் இடங்கொடுத்தால் மட்டுமே.

இனி விடை. மது அளவு குறையும்.

(திரையில்: கணக்கு எழுதிய பலகை.)

100 கிராம் ராஸ்பெர்ரியில் சர்க்கரை ஏறக்குறைய நாலரை கிராம்தான். 85 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர். ஆகவே 2 கிலோ பழத்தோடு நாம் உள்ளே விடுவது 90 கிராம் சர்க்கரையும் 1.7 லிட்டர் தண்ணீரும். அந்தச் சர்க்கரை முழுவதும் மதுவாக மாறினாலும், கூட வந்த தண்ணீர் அதைவிட அதிகமாக நீர்த்துவிடுவதால், 5 சதவீதம் என்பது சுமார் 4.85 ஆக இறங்குகிறது. இதையே சர்க்கரை மிகுந்த மாம்பழத்தில் செய்தால் 5.3 அளவுக்கு ஏறும். பழம் போட்டால் 'சரக்கு' ஏறும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் ராஸ்பெர்ரியை மன்னித்துவிடுங்கள்.

ஆனால் முதன்முறை செய்பவரை உண்மையில் ஏமாற்றுவது மது அளவு அல்ல, சுவை. மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் ஈஸ்ட் தின்கிறது. மீதி அப்படியே தங்கி, பீருக்கு ஒரு கனத்தையும் மெல்லிய இனிப்பையும் தருகிறது. பழத்தில் இருப்பவையோ குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் போன்ற எளிய சர்க்கரைகள். ஈஸ்ட் அவற்றைத் துடைத்து வைத்ததுபோல் தின்று தீர்த்துவிடும். எஞ்சுவது புளிப்பும் மணமும் நிறமும் மட்டுமே. எலுமிச்சைச் சாற்றிலிருந்து சர்க்கரையை மட்டும் யாரோ திருடிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்துக் கொள்கலனிலிருந்து ஒரு ராஸ்பெர்ரியை எடுத்து வாயில் போட்டேன். சிவப்பு முழுவதும் பீருக்குப் போய்விட, பழம் பழைய காகிதத்தின் வெளிர் நிறத்தில் இருந்தது. இனிப்பு பெயருக்கும் இல்லை, விதைதான் பல்லில் சிக்கியது.

ஆகவே பழத்தை அதன் இனிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இனிப்பு போனபின் அதனிடம் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். இந்தச் சோதனையில் பீச் படுதோல்வி அடையும். நொதித்த பீச் ஏறக்குறைய மணமற்றுப் போகிறது; பீச் சுவை வேண்டும் என்பவர்கள் ஆப்ரிகாட் போடுகிறார்கள், குடிப்பவர்களும் "நல்ல பீச்" என்று பாராட்டுகிறார்கள். இந்த ஆள்மாறாட்டம் எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். ஸ்ட்ராபெர்ரியின் நிறமும் மணமும் சீக்கிரமே மங்கிவிடும். ராஸ்பெர்ரியும் புளிப்புச் செர்ரியும் பாறைபோல் நிற்கும். பெல்ஜியத்தில் செர்ரி போட்ட லாம்பிக் என்னும் புளிப்பு பீருக்கு 'கிரீக்' என்று தனிப்பெயரே உண்டு. வேகவைக்காத அன்னாசியும் பப்பாளியும் வேறு வகைக் குறும்பு செய்பவை: அவற்றிலுள்ள நொதிகள் புரதத்தைச் சிதைப்பதால், பீரின் நுரை நிற்காமல் போகலாம். இனிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பால் சர்க்கரையான லாக்டோஸைச் சேர்க்கலாம். பால் ஒவ்வாதவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

எந்த பீரில் போடுவது? கசப்புக் குறைந்த கோதுமை பீர். கசப்பும் பழப்புளிப்பும் ஒரே வாயில் சண்டையிடும்.

எப்போது போடுவது? முதல் வேக நொதித்தல் அடங்கியபின். அந்த வேகத்தில் குமிழியிட்டு வெளியேறும் கரியமில வாயு மணத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். பழத்தைக் கழுவி, உறையவைத்து, பிறகு இளக்கினால், பனித்துகள்கள் பழத்தின் செல்சுவர்களைக் கிழித்திருப்பதால் சாறு எளிதில் இறங்கும். உறைபனி கிருமிகளையெல்லாம் கொன்றுவிடாது. அந்த அச்சம் உள்ளவர்கள் பழக்கூழை 70 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து ஆறவிடலாம். கொதிக்கவிடாதீர்கள்: பழத்திலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் இளகி பீர் கலங்கும், மணமும் ஜாமைப்போல் ஆகிவிடும். ஆயத்தக் கூழ் வாங்கினால், ஈஸ்ட்டைத் தடுக்கும் சார்பேட் போன்ற பதப்பொருள் இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கொள்கலனில் கால் பங்கு இடம் காலியாக இருக்கட்டும். என் முதல் முயற்சியில் விளிம்புவரை நிரப்பினேன். மிதந்து ஏறிய பழச்சக்கை, வாயு வெளியேறும் ஏர்லாக் குழாயை அடைத்துக்கொண்டது. இரவு ஒரு மணிக்கு 'டப்' என்று சத்தம். விளக்கைப் போட்டால் கூரையில் சிவப்புப் புள்ளிகள், கொலை நடந்த அறையைப்போல.

அது மூடி மட்டும். அதே அழுத்தம் கண்ணாடிப் புட்டிக்குள் ஏறினால் சிரித்துக்கொண்டு கதை சொல்ல முடியாது. பழச் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே புட்டியில் அடைத்தால், நொதித்தல் உள்ளே தொடர்ந்து புட்டி வெடிக்கும். ஆகையால் பழம் போட்டபின் இரண்டு வாரமாவது பொறுத்து, பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் அளவு மூன்று நாள் இடைவெளியிலும் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தபின்பே, புட்டிக்குள் அளவாக வாயு ஏறுவதற்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை மட்டும் கலந்து அடையுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள், பீர் கோபித்துக்கொள்ளாது.

அடைக்கும்போது ஒரே ஒரு புட்டியை மட்டும் சோடா வரும் பிளாஸ்டிக் புட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதை விரலால் அழுத்திப் பாருங்கள். அது கல்லாக இறுகியதும், ஒன்றைக் குளிரவைத்துத் திறந்து பார்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்குள் நகர்த்துங்கள்.