பைலகுப்பேயில் பிறந்த தலைவர்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

கிழக்குத் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் படித்த ஒரு திபெத்திய மாணவர், பின்னாளில் நாடுகடந்த திபெத்திய அரசின் தலைவரானார். பென்பா செரிங் என்பது அவர் பெயர்.

அவர் திபெத்தில் பிறந்தவர் அல்லர். 1967-இல் கர்நாடகத்தின் பைலகுப்பேயில் பிறந்தார். 1959-இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து மலை கடந்து வந்த மக்களுக்கு அன்றைய மைசூர் மாநில அரசு அங்கே காட்டு நிலம் கொடுத்தது. பனியில் வாழ்ந்து பழகியவர்கள் வெயிலில் நின்று காடு திருத்தி, மக்காச்சோளம் விதைத்தார்கள். அப்படி உருவான ஊரில் வளர்ந்த பிள்ளை அவர். சொந்த மண்ணை மிதிக்காமலே அதற்காக ஒரு வாழ்நாளைக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம், எண்ணிப் பாருங்கள்!

1996-இல் நாடுகடந்த திபெத்திய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 2008 முதல் 2016 வரை அவைத்தலைவர். அவர் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான், 2011-இல், தலாய் லாமா தம் அரசியல் அதிகாரத்தைத் துறந்தார். வேண்டாம் என்று நாடாளுமன்றமே கேட்டுக்கொண்டது. தலாய் லாமா இசையவில்லை. 1642-இல் தொடங்கிய மரபு அன்றோடு முடிந்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவரிடம் பொறுப்பு வந்தது. அந்தப் பதவிக்கு 'சிக்யோங்' என்று பெயர்.

2016 தேர்தலில் பென்பா செரிங் லோப்சாங் சங்கேயிடம் தோற்றார். பிறகு வட அமெரிக்காவுக்கான பிரதிநிதியாக வாஷிங்டன் போனார். மறு ஆண்டே சங்கேயின் அமைச்சரவை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பத்துக் காரணங்கள் சொன்னார்கள்.

நான் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். அவர் தெருவில் இறங்கவில்லை. நாடுகடந்த அரசு இயங்கும் தர்மசாலாவில் உள்ள திபெத்திய உச்சநீதி ஆணையத்துக்குப் போனார். அந்த நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது, சிறை கிடையாது. 2019-இல் அது அவர் பக்கம் தீர்ப்பளித்து, அமைச்சரவை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. மன்னிப்பும் வந்தது! கையில் லத்தி இல்லாத நீதிமன்றத்துக்கு ஓர் அரசு தலை வணங்கியது. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான்.

2021-இல் மீண்டும் களம் கண்டார். இந்தியாவிலும் நேபாளத்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிதறிக் கிடக்கும் மக்கள், தங்கள் பச்சைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆண்டுதோறும் அவர்கள் தாமாகச் செலுத்தும் கொடை பதிவாகும் புத்தகம் அது. வாக்குரிமையும் அதை ஒட்டியே. அவருக்கு 34,324 வாக்குகள். எதிர்த்து நின்ற கெல்சாங் தோர்ஜே அவுகட்சாங்குக்கு 28,907. ஆனால் உறுப்பினர்கள் யார் முன் பதவிப் பிரமாணம் எடுப்பது என்ற தகராறில் புதிய நாடாளுமன்றம் மாதக்கணக்கில் முடங்கியது. அக்டோபரில்தான் வழி பிறந்தது. வீட்டுச் சண்டைதான், ஆனாலும் வலித்த சண்டை.

அவர் கேட்பது தனிநாடு அன்று. சீன அரசமைப்புக்குள் உண்மையான தன்னாட்சி. அதை 'நடுவழி' என்கிறார்கள். 2010 ஜனவரியோடு பெய்ஜிங்குடனான முறையான பேச்சு நின்றுவிட்டது. மறைமுகத் தொடர்பு இருக்கிறது என்று 2024-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். உடனே எதுவும் நடந்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.