தீபாவளி முடிந்த பிறகும் திறந்திருக்கும் டப்பா

நேயர்களுக்கு வணக்கம். தீபாவளி நெருங்கிவிட்டது. நம் சிங்கப்பூரின் தேக்காவில் கூட்டம் தொடங்கிவிட்டது, பாசிப்பருப்பு வறுபடும் வாசம் மின்தூக்கி வரைக்கும் வருகிறது. இந்த நேரத்தில் ஒருவர் வந்து உடல் எடையைப் பற்றிப் பேசினால் வானொலியை அணைத்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பலகாரம் தொடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பண்டிகையன்று நன்றாகச் சாப்பிடுங்கள். பண்டிகை முடிந்த பிறகு அந்த டப்பாக்கள் எங்கே இருக்கின்றன, யார் கைக்கு எட்டுகின்றன என்பதுதான் என் கவலை. இன்று திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்பேன்.

முதலில் அந்த ஒரு நாளைப் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி சாப்பிட்டாக வேண்டும். பிரியாணி, பாயசம், பலகாரம் எல்லாம் சேர்த்து தீபாவளியன்று வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடவே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பாகச் சேருவது 200 கிராம் அளவுதான். ஆனால் மறுநாள் காலை தராசில் ஏறினால் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூட ஏறியிருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சோறும் இனிப்பும் கிளைகோஜனாக, அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையாக, மாறிச் சேரும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரும் கூடவே தங்குகிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் தானாக இறங்கிவிடும். இது தெரியாமல் பயந்துபோய் மறுநாள் பட்டினி கிடக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குப் பசி தாங்காமல் கை எங்கே போகும்? டப்பாவுக்குத்தான்.

இப்போது டப்பாவின் கணக்கு. சமையலறைத் தராசில் 20 கிராம் காட்டும் ஒரு முறுக்கில் சுமார் 100 கலோரி. மாலை தேநீரோடு இரண்டு முறுக்கு, இரவு தொலைக்காட்சி பார்த்தபடி நெய் உருண்டை ஒன்று. பெரிதாகத் தெரியாது, ஆனால் 300 கலோரியை ஒட்டி வந்துவிடும். ஒரு மாதம் இப்படியே போனால் 9,000 கலோரி, அதாவது ஒரு கிலோவுக்கும் மேல். உடம்பு கால்குலேட்டர் மாதிரி இம்மி பிசகாமல் நடந்துகொள்ளாது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் ஒரு நாள் விருந்தையும் ஒரு மாத டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது கனமானது என்று தெரியும்.

அமெரிக்காவில் 195 பேரின் எடையைப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் அளந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாகக் கூடியது 0.37 கிலோதான். அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். அந்த எடை பிறகு வந்த மாதங்களில் இறங்கவில்லை என்பதுதான் விஷயம். அங்கே அந்தக் காலம் ஆறு வாரம். நமக்கோ தீபாவளி, பிறகு டிசம்பர் பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், அதன்பின் சீனப் புத்தாண்டுக்கு நண்பர்கள் வீட்டு அன்னாசி டார்ட். ஒன்று ஏறத்தாழ 80 கலோரி, பேச்சு சுவாரசியத்தில் ஐந்து ஆறு போய்விடும். கிட்டத்தட்ட நான்கு மாதம் ஏதாவது ஒரு டப்பா திறந்தபடியே இருக்கிறது.

சரி, அடுப்படிக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்தும் பலன் கிடைக்காத இடம் இதுதான். நெய் உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பு மாவு 250 கிராம், சர்க்கரை 200, நெய் 150. மொத்தம் 600 கிராம். மாவில் ஏறத்தாழ 870 கலோரி, சர்க்கரையில் 800, நெய்யில் 1,350. கூட்டினால் 3,000 கலோரி. அதாவது கிராமுக்கு 5 கலோரி.

ஆரோக்கியமாகச் செய்யலாம் என்று நினைத்து சர்க்கரையை 150 ஆகவும் நெய்யை 120 ஆகவும் குறைக்கிறோம். மொத்தம் 2,550 கலோரி. நிறைய குறைந்ததுபோல் இருக்கிறது. ஆனால் எடையும் 520 கிராமாகக் குறைந்துவிட்டது. வகுத்துப் பாருங்கள், கிராமுக்கு 4.9. உருண்டைக்கு உருண்டை வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். போதாததற்கு நெய் குறைந்த உருண்டை உதிரும், பிடிக்க வராது. “நெய் கம்மியாத்தான் போட்டிருக்கேன், இன்னொன்னு எடுத்துக்கங்க” என்ற அந்த ஒரு சொல்லால் இரண்டு மூன்றாகிவிடும்.

அதே மாவை, நெய்யிலும் சர்க்கரையிலும் கை வைக்காமல், சின்னதாகப் பிடியுங்கள். 30 கிராம் உருண்டை பிடித்தால் 20 வரும், ஒன்று 150 கலோரி. 15 கிராம் பிடித்தால் 40 வரும், ஒன்று 75. 15 கிராம் என்றால் பெரிய நெல்லிக்காயைவிடச் சிறியது, ஒரே வாயில் போய்விடும். முதல் உருண்டையை மட்டும் தராசில் வைத்து எடை பாருங்கள், பிறகு கை தானாகப் பழகிவிடும். ருசி குறையாது, வந்தவருக்குக் கொடுத்த நிறைவும் இருக்கும். லட்டுக்கும் இதே வழி. அதிரசத்தையும் சிறியதாகத் தட்டுங்கள், சின்ன வட்டம் சீக்கிரம் வேகும். இன்னொன்று: சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் நல்லது என்பது நம்மிடையே வலுவாக இருக்கும் நம்பிக்கை. கலோரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நீரிழிவு உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதிலும் வெல்லம் சளைத்ததில்லை.

முறுக்கைப் பொறுத்தவரை சங்கதி எண்ணெய். எண்ணெய் கொதிக்கும்போதுதான் உள்ளே போகிறது என்று நினைக்கிறோம். வேகும் நேரத்தில் மாவிலிருந்து நீராவி வெளியே வந்துகொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் நுழைய முடியாது. சலசலப்பு அடங்கி, கரண்டியில் வெளியே எடுத்தபின் ஆறும்போதுதான், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் பெருமளவு உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் எடுத்த அந்த அரை நிமிடம் முக்கியம். சட்டிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதறுங்கள். பிறகு கம்பித் தட்டில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். சுடச்சுட ஒன்றன்மேல் ஒன்றாகப் பாத்திரத்தில் குவித்தால் மேல் முறுக்கின் எண்ணெய் கீழ் முறுக்குக்குப் போகும், ஆவியில் மொறுமொறுப்பும் போய்விடும்.

சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வெப்பமானி இல்லையா? ஒரு துளி மாவைப் போடுங்கள். உடனே மேலே வர வேண்டும், உடனே சிவக்கக் கூடாது. அடியிலேயே கிடந்தால் எண்ணெய் இன்னும் காயவில்லை. ஒரே நேரத்தில் நிறையப் பிழிந்தாலும் சூடு இறங்கிவிடும், முறுக்கு நெடுநேரம் கிடந்து எண்ணெய் குடிக்கும். மாவில் வெண்ணெய் அதிகமானால் எண்ணெயில் பிரிந்துபோகும், அதுவும் குடிக்கும்.

செய்தாயிற்று. மறுபடி டப்பாவுக்கு வருகிறேன். பண்டிகைக்கு முன்பே பிரித்துவிடுங்கள்: விருந்தினருக்கு ஒரு பங்கு, கீழ்மாடி சீன, மலாய் வீடுகளுக்கும் வேலையிடத்துக்கும் ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு சிறிய பங்கு. வீட்டுப் பங்கைக் கண்ணாடி டப்பாவில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். உள்ளே இருப்பது தெரியாத டப்பா, மேல் அலமாரி. சாப்பிடும்போது டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடாமல், சின்னத் தட்டில் எடுத்து வைத்து, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள்.

பிறர் வீட்டுக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மதியம் விருந்து இருக்கிறதே என்று காலை உணவைத் தவிர்ப்பதும் கூடாது. குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்கள், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பண்டிகை வாரத்துக்கு மருந்தளவை எப்படி வைத்துக்கொள்வது என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு வீடு போகிறீர்களா? வீட்டுக்கு ஒரு பண்டம், அந்த வீட்டில் எது சிறப்போ அது. “வேண்டாம்” என்றால் அக்காவுக்கு முகம் வாடும். “அக்கா, உங்க கை அச்சுமுறுக்கு ஒன்னு போதும், அதுக்குத்தான் வந்தேன்” என்றால் வாடாது. பிரியாணித் தட்டில் பாதிக்கு வெள்ளரிக்காய், பச்சடி, காய்கறி. கால்வாசி இறைச்சி, கால்வாசி சோறு. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டு இதுவே. காயையும் இறைச்சியையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது.

குடிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் ஓடுகிறது. பாக்கெட் பானத்தில் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பொறுத்து ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் காட்டுவது அது. ‘சி’ என்றால் பொதுவாக 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சர்க்கரை. 250 மில்லி பாக்கெட்டில் அது இரண்டரை முதல் ஐந்து தேக்கரண்டி. நான்கு வீட்டில் நான்கு பாக்கெட் குடித்தால் எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு முதலில் தண்ணீரை நீட்டுங்கள். கடையில் என்றால் தே-ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். அது கசந்தால் சியூ டாய், அதாவது இனிப்புக் குறைவாக என்று கேளுங்கள்.

ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்கிறார்கள். நடைப்பயிற்சி: அரை மணி நேர வேக நடையில் ஒன்றிரண்டு முறுக்குதான் கரையும், எனவே நடந்து ஈடுகட்டலாம் என்று சாப்பிட வேண்டாம். ஆனால் சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் புளோக்கைச் சுற்றி வந்தால் ரத்தச் சர்க்கரைக்கு நல்லது. தராசு: வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைகளின் இனிப்பைப் பற்றி இன்று பேச முடியவில்லை. அனைவருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள். வணக்கம்.