செத்தவர் எழுதின உயிலை மாத்த முடியுமா? க்ளீவ்லேண்ட் நகரத்தை வளர்த்த ஒரே ஒரு வாக்கியம்

[திரையில்: கூண்டு வண்டிகள் வரிசையா மேற்கு நோக்கிப் போகுது]

1851. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்தோட முன்னாள் மேயர் பிரையன் முல்லன்ஃபி இறந்து போறாரு. சொத்துல மூணுல ஒரு பங்கை நகரத்துக்கே எழுதி வச்சிருக்காரு. எதுக்கு? மேற்கே குடியேறப் போற ஏழைங்க அந்த ஊர் வழியா வந்தா அவங்களுக்கு உதவ. அன்னிக்கு அது ரொம்பத் தேவையான உதவி. ஆனா ரயில் வந்துச்சு, கூண்டு வண்டிங்க நின்னுபோச்சு. பணம் மட்டும் பெட்டிக்குள்ள பத்திரமா இருந்துச்சு. பக்கத்துத் தெருவுல ஒரு குடும்பம் பட்டினி கிடந்தாலும், "நீங்க மேற்கே போறீங்களா?"ன்னுதான் கேட்கணும்! அந்தப் பணத்தை வேற விதமா செலவு பண்ண 1930-கள்லயும் கோர்ட்டு படியேற வேண்டியிருந்துச்சு.

இதுக்கு வக்கீலுங்க வச்ச பேரு 'இறந்தவரின் கை'. புதைச்ச பிறகும் பெட்டியை விடாத கை.

அமெரிக்காவோட இன்னொரு நகரம் க்ளீவ்லேண்ட். அங்க ஃபிரெடரிக் கோஃப்னு ஒருத்தர். வக்கீலா இருந்து வங்கித் தலைவர் ஆனவர். உயில்ல எழுதி வச்ச சொத்தை நிர்வகிக்கறதும் அவர் வங்கியோட தொழில், அதனால இந்தக் கோளாறு அவருக்கு அத்துப்படி. 1914 ஜனவரி 2-ல வங்கி இயக்குநர் குழு ஒரு தீர்மானம் போட்டுச்சு. உலகத்தோட முதல் 'சமுதாய அறக்கட்டளை', க்ளீவ்லேண்ட் ஃபவுண்டேஷன், அப்படித்தான் பிறந்துச்சு. அதாவது, பலபேர் கொடுத்த பணத்தை ஒண்ணா சேர்த்து வச்சு, அந்த ஊர் நலனுக்குச் செலவு பண்ற அமைப்பு.

அமைப்பைப் பாருங்க. பணத்தை முதலீடு பண்றது வங்கி. யாருக்குக் கொடுக்கறதுன்னு முடிவு பண்றது அஞ்சு பேர் குழு. ரெண்டு பேரை வங்கி நியமிக்கும். மீதி மூணு பேரை மேயர், மத்திய அரசு நீதிபதி, உயில் வழக்கு நீதிபதி ஆளுக்கு ஒருத்தரா நியமிப்பாங்க. பணத்தை வச்சிருக்கறவங்க கையில செலவு அதிகாரம் இல்ல. எனக்குப் பிடிச்ச வரி இதுக்கு அடுத்ததுதான்: கொடுத்தவர் சொன்ன நோக்கம் காலாவதி ஆயிட்டா, கோர்ட்டுக்குப் போகாம குழுவே அந்தப் பணத்தை வேற தேவைக்குத் திருப்பலாம். 'மாற்றும் அதிகாரம்'. இன்னிக்கு அமெரிக்காவுல 700-க்கும் மேல இருக்கற சமுதாய அறக்கட்டளைகளுக்கு முதுகெலும்பே இந்த அதிகாரம்தான்.

முதல் சில வருஷம் கையில காசு ரொம்பக் கம்மி. உயில் எழுதினவங்க உயிரோட இருந்தாங்களே! அதனால ஊரை ஆராய்ஞ்சாங்க. லெனார்ட் ஏயர்ஸ்ங்கற ஆய்வாளர் நடத்தின பள்ளிக்கூட ஆய்வு மட்டும் 25 தொகுதி.

சரி, இப்போ முக்கியமான கணக்கு. சோழர் காலக் கல்வெட்டுல 'சாவா மூவாப் பேராடு'ன்னு வரும், கேள்விப்பட்டிருக்கீங்களா? சாகாத, மூப்படையாத ஆடு. கோயில்ல அணையாம எரியற ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. இடையர் மந்தையை வச்சுக்கிட்டு தினம் உழக்கு நெய் அளக்கணும். ஆடு சாகும், கிழடாகும். ஆனா குட்டி போட்டு மந்தைக் கணக்கு 96-லயே நிக்கணும். இதைவிட அழகா 'முதலைத் தொடாதே, விளைச்சலை மட்டும் எடு'ன்னு யார் சொல்ல முடியும்? அறக்கட்டளையோட மூலதனமும் இதே மந்தைதான்.

எவ்வளவு நெய் எடுக்கலாம்? பொதுவா மூலதனத்துல வருஷத்துக்கு 4-லிருந்து 5 சதவீதம். ஆனா இந்த வருஷ மதிப்புல கணக்குப் போட மாட்டாங்க. பல அறக்கட்டளைங்க மூணு அல்லது அஞ்சு வருஷச் சராசரியை எடுப்பாங்க. மூணு வருஷ மதிப்பு 120, 100, 80 டாலர்னு வைங்க. சராசரி 100, 5 சதவீதம்னா 5 டாலர். கடைசி வருஷத்தை மட்டும் பார்த்தா 4 டாலர்தான். பங்குச் சந்தை விழற வருஷம்தான் இலவச உணவுக் கூடத்து வாசல்ல கூட்டம் நீளும். அந்த ஒரு டாலர் வித்தியாசத்துலதான் சமையல்காரரோட சம்பளம் நிக்குது.

எங்க தப்பு நடக்கும்? லாபம் 6, கொடுக்கறது 5, நிர்வாகச் செலவு 1. கணக்குல மூலதனம் 100-லயே நிக்கும். விலைவாசி 3 சதவீதம் ஏறியிருந்தா உண்மையான மதிப்பு 97 ஆயிடுச்சு. பத்து வருஷம் இப்படியே போனா மந்தையில கால்வாசி ஆடு காணாமப் போன மாதிரிதான்.

இன்னொரு சிக்கல் 'கொடுப்பவர் ஆலோசனை நிதி'. 1931-ல நியூயார்க்ல ஆரம்பிச்சது. எங்க கொடுக்கணும்னு கொடையாளரே பரிந்துரைப்பார். இது பெருகப் பெருக மொத்தத் தொகை பெரிசாத் தெரியும், ஊருக்கு அவசரம்னா குழு சுதந்திரமா எடுக்கக்கூடிய பங்கு சுருங்கும். அதனால ஒரு அறக்கட்டளையை எடை போடறப்போ மொத்தத்தைப் பார்க்காதீங்க. நிபந்தனை இல்லாத நிதி எவ்வளவுன்னு கேளுங்க.

[திரையில்: மூணு மாவட்ட வரைபடம்]

க்ளீவ்லேண்ட் ஃபவுண்டேஷன் இன்னிக்கு குயஹோகா, லேக், ஜியாகா மாவட்டங்களுக்கு வேலை செய்யுது. சொத்து 250 கோடி டாலருக்கு மேல.

நீங்க ஏதாவது அறநிதி எழுதறதா இருந்தா, கட்டடத்தோட பேரை எழுதாதீங்க, தேவையை எழுதுங்க. 'காசநோய் விடுதிக்கு'ன்னு எழுதின பணம், மருந்து வந்து விடுதியை மூடினதும் முடங்கிடும். 'நுரையீரல் நோயாளிங்களுக்கு'ன்னு எழுதினா ஓடிக்கிட்டே இருக்கும். உங்க ஊர் அறக்கட்டளைப் பத்திரத்துல அந்த மாற்றும் வரி இருக்கா? எடுத்துப் பார்த்துட்டு கமெண்ட்ல எழுதுங்க.