விக்டோரியா மண்டபத்தில் மறுபடி நாடகம்

வணக்கம் நேயர்களே.

சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடந்தால், நடுவில் ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் வரும். விக்டோரியா பொது மண்டபம். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போவேன். கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும். "உள்ள என்னப்பா இருக்கு?" என்று கேட்டால், "ஒரு காலத்துல நாடகம் போட்ட இடம்டா" என்பார்.

ஊர்ப் பெரியவர்கள் நன்கொடை திரட்டிக் கட்டிய மண்டபம் அது. வரைபடம் போட்டவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1896-இல் சென்னைவாசிகள் இங்கேதான் சினிமாவைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அடுத்த வருடமே விவேகானந்தர் வந்து பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே பல வருடம் நாடகம் போட்டது. வக்கீல்களும் படித்தவர்களும் வேஷம் கட்டலாம் என்று ஊரை ஒப்புக்கொள்ள வைத்த சபை அது.

2023-இல் மாநகராட்சி சீரமைப்பைத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. சிமெண்ட் பயம்தான். பழைய வீடு ஒன்றில் சிமெண்ட் பூசிய சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். பூச்சு பாளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே இருந்த செங்கல் விரலில் மாவாக ஒட்டியது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடும், ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி அதைத் தின்னும். அதனால்தான் இந்த மாதிரிக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். மரச்சட்டங்கள் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி போட்டுக் கட்டையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கைப்பக்குவம் உள்ள கொத்தனார்கள் இப்போது குறைவு. அவர்களோடு நாலு பையன்களையாவது சேர்த்துவிட வேண்டும், இப்போதே.

சரி, சுவர் நின்றுவிட்டது. அப்புறம்? கீழே கண்காட்சி வைப்பது நல்லதுதான். ஆனால் மாடி அரங்கில் நாடகம் நடக்க வேண்டும். பெரிய விழாக்களுக்கு மட்டும் திறந்தால் மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான் தொங்கும். ஆளில்லாத வீட்டில் ஓடு ஒன்று நழுவினாலும் கேட்க நாதி இல்லை. வியாசர்பாடியில் ஒத்திகைக்கு இடமில்லாமல் மொட்டை மாடியில் நாடகம் பழகும் பிள்ளைகளுக்கு, கைக்கு எட்டும் வாடகையில் ஒரு சாயங்காலம் கொடுங்கள். மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வாடகையே வேண்டாம்.

அப்பா இப்போது இல்லை. அங்கே ஒரு நாடகம் அறிவித்தால், இரண்டு டிக்கெட் வாங்குவேன்.

வணக்கம்.