போல்ட்டஸ்க் இன்னும் தேவையா? ஒரு பழைய ஹீரோவை எடை போடும் முறை

வணக்கம் நண்பர்களே. எம்பயர்ஸ் அண்ட் பசில்ஸ் மொபைல் விளையாட்டைக் கொஞ்ச நாளாவது விளையாடியவர்கள் உங்கள் ஹீரோ பட்டியலைத் திறந்து கீழே இறங்கிப் பாருங்கள். சிவப்பு நிறம், நான்கு நட்சத்திரம், பெயர் போல்ட்டஸ்க். அனேகமாக எங்காவது இருப்பார். வளர்க்காமலே கிடப்பார், இல்லையென்றால் ஒரு காலத்தில் முழுதாக வளர்த்துவிட்டு இப்போது தொடாமல் வைத்திருப்பீர்கள்.

"இவரை இன்னும் வைத்துக்கொள்ளலாமா, வேறு ஹீரோவுக்குத் தீனியாகப் போட்டுவிடலாமா?" இந்த வீடியோவில் பார்க்கப்போவது இந்த ஒரு கேள்வியைத்தான். என் பதில்: வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலுக்கு எந்தக் கணக்கில் வந்தேன் என்று சொல்கிறேன். அந்தக் கணக்கு தெரிந்தால் உங்களிடம் இருக்கும் மற்ற பழைய ஹீரோக்களையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

திரை: விளையாட்டின் பலகை, 7 பத்தி, 5 வரிசை

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். பலகையில் 35 டைல்கள், ஐந்து நிறங்கள். ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் அவை மேலே பாய்ந்து எதிரியை அடிக்கும். அந்த நிறத்து ஹீரோவுக்கு மேனா ஏறும். மேனா நிரம்பியதும் அவருடைய ஸ்பெஷலை அழுத்தலாம். ஹெல்சிங்கியில் இருக்கும் ஸ்மால் ஜயன்ட் கேம்ஸ் இதை 2017-ல் வெளியிட்டது. 2018 டிசம்பரில் ஜிங்கா நிறுவனம் அந்த ஸ்டூடியோவின் 80 சதவீதத்தை 56 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இலவசமாகக் கிடைக்கும் இந்த விளையாட்டின் வருமானத்தில் பெரும்பங்கு புதுப்புது ஹீரோக்களுக்கான அழைப்புகளிலிருந்து வருகிறது. நேற்று வந்தவரைவிட இன்று வருபவர் பலமாக இருந்தால்தான் மக்கள் செலவு செய்வார்கள். அதனால் ஹீரோக்களின் எண்கள் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகின்றன. பழையவர்கள் பின்னால் தங்கிவிடுகிறார்கள்.

ஆனால் எல்லாப் பழைய ஹீரோக்களும் ஒரே வேகத்தில் பின்தங்குவதில்லை. இந்த வீடியோவின் மையமே இதுதான்.

திரை: கோலன், போல்ட்டஸ்க் அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில்

கோலனை எடுத்துக்கொள்வோம். அவரும் சிவப்பு, நான்கு நட்சத்திரம், முதல் சீசனிலிருந்தே இருப்பவர். எல்லா எதிரிகளையும் ஒரே நேரத்தில் அடிப்பார். அந்த அடி எவ்வளவு விழும் என்பது கோலனுடைய சொந்தத் தாக்குதல் எண்ணைப் பொறுத்தது. எதிரில் நிற்பவர்களின் தற்காப்பும் உயிரும் ஒவ்வொரு வருடமும் கூடுகின்றன. கோலனின் எண்ணோ பெரிதாக நகரவில்லை. மேனாவும் மெது, 12 டைல் வேண்டும். ஆகவே அன்று பாதி உயிரைக் குறைத்த அடி இன்று கீறல் போலத்தான் விழுகிறது.

இப்போது போல்ட்டஸ்க். அவர் அட்டையில் இரண்டே வரி. ஒன்று, கூட்டாளிகள் எல்லோருக்கும் உயிரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். இரண்டு, எல்லோருக்கும் நான்கு டர்னுக்கு, அதாவது நான்கு நகர்த்தலுக்கு, தாக்குதல் 48 சதவீதம் கூடும். இது அவர் அறிமுகமானபோது அட்டையில் இருந்த எண். உங்கள் அட்டையில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் நான் சொல்லப்போகும் கணக்கு மாறாது.

கவனியுங்கள், இரண்டுமே சதவீதம். யாருடைய சதவீதம்? அவருடையது அல்ல, பக்கத்தில் நிற்பவர்களுடையது. போன மாதம் வந்த ஐந்து நட்சத்திர ஹீரோவை அவருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்தப் புது ஹீரோவின் பெரிய தாக்குதல் எண்ணில் 48 சதவீதம் கூடும். அவருடைய பெரிய உயிர் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு திரும்பும். விளையாட்டு எண்களை ஏற்ற ஏற்ற போல்ட்டஸ்க் கொடுப்பதும் கூடவே ஏறுகிறது. மிருதங்கக்காரரைத் தனி ஆவர்த்தனத்தை மட்டும் கேட்டு எடை போட மாட்டோம் அல்லவா, பாட்டு எப்படி எழுந்தது என்று பார்ப்போம். இவரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

சரி, 48 சதவீதம் என்றால் அடியில் எவ்வளவு கூடும்? 48 சதவீதம்தானே என்று தோன்றும். இல்லை, அதைவிட அதிகம்.

திரை: தாக்குதல் ÷ தற்காப்பு, அதற்கு 1.35 அடுக்கு

ஆட்டக்காரர்கள் பல போர்களைப் பதிவு செய்து, விழுந்த அடிகளை அளந்து ஒரு சூத்திரம் எடுத்திருக்கிறார்கள். தாக்குதலைத் தற்காப்பால் வகுத்து, வருவதை 1.35 அடுக்குக்கு உயர்த்தினால் அடியின் அளவு கிட்டத்தட்ட வந்துவிடும். தாக்குதல் 1.48 மடங்கு ஆனால், 1.48-க்கு 1.35 அடுக்கு போடுங்கள். ஏறக்குறைய 1.7 வரும். அதாவது 70 சதவீதம் கூடுதல் அடி.

இன்னும் ஒரு படி போவோம். கிரிம், டைபர்டஸ் போன்ற பழைய நான்கு நட்சத்திரக்காரர்கள் எதிரியின் தற்காப்பை 34 சதவீதம் குறைப்பவர்கள். தற்காப்பு 0.66 மடங்கு ஆகிறது. அதே சூத்திரத்தில் போட்டால் அடி சுமார் 1.75 மடங்கு. இரண்டையும் பெருக்குங்கள். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இரண்டு பழைய ஹீரோக்கள் சேர்ந்து மொத்த டீமின் அடியை மூன்று மடங்காக்குகிறார்கள். எத்தனை வருடம் விளையாடினாலும் இந்த இடம் எனக்கு அலுக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். "போல்ட்டஸ்கை வைத்தால் ஒரு நல்ல அடிக்கும் ஹீரோவின் இடம் போகிறதே?" உண்மைதான். சிவப்பு டைலின் பலம், டீமில் உள்ள சிவப்பு ஹீரோக்களின் தாக்குதல் எண்களைச் சேர்த்துத்தான் வருகிறது. அதையும் கணக்குப் போடுவோம். மூன்று பலமான சிவப்பு ஹீரோக்கள், ஒவ்வொருவருக்கும் தாக்குதல் 100 என்று வையுங்கள். மொத்தம் 300. அதில் ஒருவரை எடுத்துவிட்டு, 75 மட்டுமே உள்ள போல்ட்டஸ்கை நிறுத்துங்கள். மொத்தம் 275. இதனால் அடி 11 சதவீதம் போல இறங்கும். பஃப், அதாவது போல்ட்டஸ்க் தரும் அந்தத் தாக்குதல் ஏற்றம், விழுந்ததும் அந்த இறங்கிய அடி 1.7 மடங்காகும். கூட்டிக் கழித்தால் முன்பு இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு. பஃப் இருக்கும் டர்ன்களில் தெளிவான லாபம். பஃப் இல்லாத டர்ன்களில் நஷ்டம்.

அப்படியானால் அடுத்த கேள்வி, அந்த பஃப் எத்தனை டர்னுக்கு இருக்கும்?

அட்டையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுபவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். போல்ட்டஸ்குக்கு நடுத்தர மேனா, 10 டைல் வேண்டும். நாம் டைல்களை மூன்று மூன்றாகச் சேர்க்கிறோம். மூன்று முறை சேர்த்தால் ஒன்பது. ஒரே ஒரு டைல் குறைவு! அந்த ஒன்றுக்காக நான்காவது தடவை சிவப்பு அமைய வேண்டும். பலகை கருணை காட்டாத நாளில் அந்த நான்காவது தடவைக்காகக் காத்திருக்கும்போதே டீம் செத்துவிடும்.

இதற்கு வழி உண்டு. 10-ஐ 9-ஆல் வகுத்தால் 1.111. ஆக, மேனா வேகம் 11 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடினால் ஒன்பது டைலிலேயே நிரம்பிவிடும். 2019-ல் காஸ்ட்யூம்கள், அதாவது ஹீரோவுக்குக் கூடுதல் பலம் தரும் உடைகள், வந்தன. முழுதாக வளர்த்த காஸ்ட்யூம் 5 சதவீத மேனா தரும். காஸ்ட்யூமைப் போட்டுக்கொண்டாலும் கழற்றி வைத்தாலும் அந்த போனஸ் இருக்கும். மீதி ஆறு சதவீதச் சொச்சத்தை, ஹீரோவோடு இணைக்கும் படையான மேனா ட்ரூப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இது கைகூடிவிட்டால் அவர் வேறு ஆளாகவே தெரிவார். மூன்று மேட்ச், உடனே ஸ்பெஷல். பஃப் நான்கு டர்ன் நிற்கும். அதற்குள் மூன்று சிவப்பு மேட்ச் கிடைத்தால் அடுத்த ஸ்பெஷல் தயார். ஒரு போரின் முதல் ஸ்பெஷலுக்குப் பிறகு பஃப் அணையாமலே ஓட்டிவிடலாம்.

அதனால்தான் அவரைத் தனிச் சிவப்பாக வைக்காதீர்கள் என்று சொல்வது. ஐந்து நிறத்திலும் ஆளுக்கொருவர் வைத்த டீமில் அவர் வீண். மூன்று சிவப்பாவது இருக்கட்டும். ஒரே மேட்ச் மூன்று பேருக்கும் மேனா ஏற்றும். எதிரில் நடுவில், டேங்க் என்று சொல்லும் இடத்தில், பச்சை ஹீரோ நின்றால் இன்னும் நல்லது. சிவப்பு என்றால் நெருப்பு, பச்சை என்றால் இயற்கை, நெருப்பு இயற்கையை வெல்லும். கூட யாரை நிறுத்தலாம் என்றால், என் முதல் தேர்வு பால்கன். அவர் ஒரு எதிரியின் நெருப்புக்கு எதிரான தற்காப்பை மட்டும் 54 சதவீதம் குறைப்பவர். அது சாதாரணத் தற்காப்புக் குறைப்பிலிருந்து தனி வகை, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். அதனால் மூன்றாவது இடத்துக்கு வில்பர். அவர் எல்லா எதிரிகளின் தற்காப்பையும் இறக்குவார், நம் டீமின் தற்காப்பையும் கூட்டுவார். முதலில் பால்கன், வில்பர், அப்புறம் போல்ட்டஸ்க், அதன் பிறகு டைல். இந்த வரிசையில் பச்சை டேங்க் கரைவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்!

வூ காங் என்ற இன்னொரு ஹீரோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டைட்டன் என்ற ராட்சத எதிரியோடு நடக்கும் சண்டையில் அவரையும் போல்ட்டஸ்கையும் ஒன்றாக வைக்கலாம். வூ காங் தருவது வேறு வகைப் பெருக்கம், போல்ட்டஸ்கின் பஃபை அது அழிக்காது. ஆனால் வூ காங் குறி தவறும் வாய்ப்பையும் கூட்டிவிடுகிறார். டைட்டனிடம் நமக்கு 90 நொடி, பலகை முழுக்க அடி, சராசரியில் அது சரியாகிவிடும். ரெய்டில், அதாவது மற்ற ஆட்டக்காரரின் டீமைத் தாக்கும் சண்டையில், முக்கியமான ஒரு ஸ்பெஷல் தவறினால் கதை முடிந்தது, அங்கே அவரைச் சேர்க்காதீர்கள்.

மற்ற பழைய ஹீலர்களோடு ஒப்பிட்டால்? நீலக் கிரில் தாக்குதலையும் தற்காப்பையும் சேர்த்து ஏற்றுவார், ஆனால் தாக்குதலில் போல்ட்டஸ்க் அளவு கொடுக்க மாட்டார். ஊதா ரிகார்ட் இன்னும் அதிகமாகக் குணப்படுத்துவார், மேலே விழுந்த கெட்ட விளைவுகளையும் துடைப்பார். வெறும் ஹீல்தான் வேண்டுமென்றால் ரிகார்ட் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போல்ட்டஸ்கின் ஹீல் டீமை அடுத்த ஸ்பெஷல் வரை உயிரோடு வைத்திருக்கப் போதும், அவ்வளவுதான்.

எங்கே இவர் எடுபட மாட்டார்?

தற்காப்பு டீமில், அதாவது மற்றவர்கள் நம்மைத் தாக்கும்போது நிற்கும் டீமில். அங்கே ஹீரோக்கள் தானாகவே இயங்குவார்கள், பஃபுக்குப் பின் யார் அடிப்பது என்று நாம் வரிசைப்படுத்த முடியாது. நடுத்தர வேகம், புது ஹீரோக்களோடு ஒப்பிட்டால் மெலிந்த உடம்பு. ஸ்பெஷல் வரும் முன்பே விழுந்துவிடுவார். போர்வீரர் வகுப்பு என்பதால் சில நேரம் செத்தும் எழுவார், அதை நம்பித் தற்காப்பு அமைக்க முடியாது.

பஃபைக் கழற்றும் எதிரிகளிடமும் திண்டாட்டம்தான். சோன்யா, கெய்ட்மன், மெலெண்டர், சபீனா என்று பழையவர்களிலேயே பலர் இதைச் செய்வார்கள். மேனா சேர்த்துப் போட்ட பஃப் ஒரு நொடியில் காணாமல் போகும். எதிரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை முதலில் முடியுங்கள், இல்லையென்றால் அவர் ஸ்பெஷல் போட்ட பிறகு நீங்கள் போடுங்கள். புதிய தலைமுறையின் ஃபீண்ட்கள் இன்னும் மோசம். ஒட்டிக்கொண்டு நமக்கு வரும் ஹீலை அவை குடித்துவிடும். அங்கே அவருடைய அட்டையில் பாதி வேலை செய்யாது.

இன்னொன்று, உங்கள் டீமில் ஏற்கனவே தாக்குதலைக் கூட்டும் ஒரு புது ஹீரோ இருந்தால் இவர் வேண்டாம். ஒரே வகை பஃப் இரண்டு சேராது. ஒன்று போய் மற்றது வந்து உட்காரும்.

இவருக்கு நிரந்தர வேலை இருக்கும் இடங்களும் உண்டு. நான்கு நட்சத்திரத்துக்கு மேல் அனுமதிக்காத டோர்னமெண்ட்கள், சேலஞ்ச் நிகழ்வுகளின் எபிக் நிலை. ஐந்து நட்சத்திரப் புயல் அங்கே வராது. ரஷ் அட்டாக் விதி வந்தால் இன்னும் கொண்டாட்டம், எல்லோரும் அதிவேக மேனாவுக்கு மாறிவிடுவார்கள், அந்தப் பத்தாவது டைல் தலைவலியே கிடையாது. அப்புறம் அலையன்ஸ் வார், அதாவது இரண்டு கூட்டணிகள் மோதும் போர். ஆறு தாக்குதல், ஒருமுறை இறக்கிய ஹீரோவை மறுமுறை இறக்க முடியாது, மொத்தம் 30 ஹீரோ வேண்டும். உங்களிடம் முப்பது பேரும் புதிய ஐந்து நட்சத்திரமா? பெரும்பாலானவர்களிடம் இல்லை. நான்காவது, ஐந்தாவது டீமில் ஹீலர் இல்லாமல் தவிக்கும்போது இவர் அருமை தெரியும்.

எம்ப்ளம், அதாவது வகுப்புக்கான கூடுதல் பலம் தரும் சின்னம், போடுகிறீர்கள் என்றால் தாக்குதல் பாதையை விடுங்கள், தற்காப்பு, உயிர் பக்கம் போங்கள். அவர் அடிப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது, நின்றால் போதும். ஆனால் உங்களிடம் ஒரு நல்ல ஐந்து நட்சத்திரப் போர்வீரர் இருந்தால் எம்ப்ளம் முதலில் அவருக்குத்தான்.

பணம் செலவு செய்யாமல் விளையாடுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போல்ட்டஸ்க் முதல் சீசன் ஹீரோ, ட்ரெய்னிங் கேம்பிலேயே கிடைப்பார். முதல் ஒருவரை 4.70 வரை, அதாவது முழு வளர்ச்சி வரை கொண்டுபோங்கள், ஸ்பெஷல் எட்டுக்கு எட்டு ஆகட்டும். இரண்டாவது வந்தால் அவரையும் வளர்த்து வாரில் வேறு டீமுக்கு வையுங்கள். மூன்றாவதாக வருபவரைத் தயங்காமல் இன்னொரு சிவப்பு ஹீரோவுக்குக் கொடுத்துவிடலாம்.