ஊசிக்கு முன் சொல்ல வேண்டிய உண்மை

(மட்டக்களப்பில் பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியைகளும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, தந்தையரே, முன்பள்ளி ஆசிரியைகளே,

பிள்ளை சோறு உண்ண மறுத்தால், "டொக்டரிட்டக் கொண்டுபோய் ஊசி போடச் சொல்லுவன்" என்று மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. அதே பிள்ளை காய்ச்சலோடு உண்மையாகவே வைத்தியசாலைக்குப் புறப்படும் நாளில், "ஊசி போடமாட்டாங்க மகன், சும்மா காட்டிப்போட்டு வருவம்" என்கிறோம். முதற்பேச்சு வைத்தியரைத் தண்டிப்பவராக்குகிறது. அடுத்த பேச்சு, ஊசி ஏறிய நொடியிலேயே பொய்யாகிப் போய், தாயின் சொல்லையும் நம்ப முடியாது என்று பிள்ளைக்குக் கற்பிக்கிறது. இரண்டிலும் பொய்யே பெருங்கேடு என்பேன், ஏனெனில் அந்நிய இடத்தில் பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் ஒரே பிடிமானம் தாயின் சொல்தான்.

நான்கைந்து வயதுப் பிள்ளை நோயின் காரணத்தை நம்மைப்போல விளங்கிக்கொள்வதில்லை. தவறு செய்தவரைத் தண்டனை தானாகவே வந்து சேரும் என்று சிறுவர்கள் நம்புவதை, சுவிற்சர்லாந்தின் உளவியலறிஞர் ஜீன் பியாஜே 1932 இல் விரிவாக எழுதினார். "மழையில் நனையாதே என்று எத்தனை தரம் சொன்னேன்!" என்று நாம் கடிந்துகொள்ளும்போது, தன் குழப்படியால்தான் இந்த நோய் வந்தது என்ற அந்த நம்பிக்கையை நாமே உறுதிப்படுத்துகிறோம்.

மாரி மழையோடு டெங்கு வருகின்ற நம் மாவட்டத்தில் இன்னொரு பயத்தையும் அறிந்திருக்க வேண்டும். டெங்குக் காய்ச்சல் தணியும் வேளையில் குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியக்கூடிய ஆபத்தான கட்டம் வருவதால், குருதிச் சிறுதட்டுகளின் (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் குருதியின் செறிவையும் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கிறார்கள். அந்தக் கட்டம் பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கும். காரணம் அறியாத பிள்ளை காண்பதெல்லாம், யாரோ வந்து வந்து தன் இரத்தத்தை எடுத்துப் போவதைத்தான். இப்படியே போனால் இரத்தம் முடிந்துவிடும் என்றுகூட அது அஞ்சும். எடுப்பது கொஞ்சம், உடம்பு புதிதாக ஊறச் செய்துவிடும் என்று சொன்னால் அந்தப் பயம் தணியும். சொல்ல அரை நிமிடம் போதும்.

பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில், பெற்றோர் பிள்ளையைப் பார்க்க மிகக் குறைந்த நேரமே அனுமதிக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளைக் கவனித்த சமூகப் பணியாளர் ஜேம்ஸ் றொபேட்சன், முதலில் கதறி எதிர்க்கும் பிள்ளை பின்பு சோர்ந்து அடங்கி, ஈற்றில் தாய் வந்தாலும் முகங்கொடுக்காமற் போவதைக் கண்டு எழுதினார். அந்த அடக்கத்தைத் தேறிவிட்ட அறிகுறியென்று தாதியர் எண்ணியிருந்தார்கள். வைத்தியசாலையில் தங்கும் பிள்ளைகளின் நலனைப் பற்றிப் பிரித்தானியாவில் 1959 இல் வெளியான பிளாற் அறிக்கை, பெற்றோருக்குத் தடையற்ற அனுமதி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் சிறுவர் விடுதிகளில் தாய் உடன் தங்குவது பெரும் பேறு. ஆயினும் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் பிரிய நேரும். அப்போது பிள்ளையின் கண்ணில் படாமல் நழுவிப்போக வேண்டாம். அழுதாலும் பரவாயில்லை, எங்கே காத்திருப்பீர்கள் என்பதைச் சொல்லிவிட்டே விலகுங்கள்.

ஊசி போடும்போது பிள்ளையைப் படுக்க வைத்து நால்வர் அமுக்குவது எனக்கு உடன்பாடில்லை. தடுப்பூசி வலியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட அறிக்கை, பராமரிப்பவர் பிள்ளையை அணைத்து வைத்திருக்கவும், பாலருந்தும் குழந்தைக்கு அவ்வேளையில் தாய்ப்பால் கொடுக்கவும் அறிவுறுத்துகிறது. "நோகாது" என்ற பொய்யையும் அது தவிர்க்கச் சொல்கிறது. "கொஞ்சம் நோகும், நான் பிடிச்சுக் கொண்டிருப்பன், கெதியா முடிஞ்சிடும்" என்பதே சரியான பேச்சு.

ஆசிரியைகளே, வைத்தியசாலையிலிருந்து திரும்பிய பிள்ளை சில கிழமைகள் படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம், தாயின் சேலையை விடாமல் பற்றிக்கொள்ளலாம், வகுப்பில் பொம்மைக்கு ஓயாமல் ஊசி போடலாம். அந்த விளையாட்டை நிறுத்தாதீர்கள். அருகில் அமர்ந்து, பொம்மைக்கு எங்கே நோகிறது என்று கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லத் துணியாததைப் பிள்ளை பொம்மையைப் பற்றிச் சொல்லும்.