இல்லாத விளிம்பைக் காணும் மூளை

அவையோருக்கு வணக்கம்.

திரையில் இருப்பவை மூன்று கரிய வட்டங்கள் மட்டுமே. ஒவ்வொன்றிலும் 60 பாகை அளவுக்கு ஓர் ஆப்பு வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. வெட்டுகள் மூன்றும் நடுவை நோக்கியுள்ளன. ஆயினும் அவற்றின் மேல் ஒரு வெள்ளை முக்கோணம் கிடப்பதாக நமக்குத் தெரிகிறது. அது தாளைவிடச் சற்றே வெண்மையாகவும் தோன்றுகிறது. ஒளியை அளந்து பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே வெண்மைதான். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பணியாற்றிய உளவியலாளர் கயெதானோ கனிட்சா 1955இல் வெளியிட்ட உருவத்தின் எளிய வடிவம் இது.

விளிம்புகள் ஒரே நேர்கோட்டில் அமைவது மட்டும் இதற்குக் காரணமன்று. நான்கு வட்டங்களைக் கொண்டு இவ்வாறே ஒரு சதுரத்தைத் தோன்றச் செய்யலாம். அவ்வட்டங்களை நீக்கிவிட்டு முழுமையான கூட்டல் குறிகளை வைத்தால், விளிம்புகள் அதே கோட்டில் இருந்தும் சதுரம் எழுவதில்லை. குறைபட்ட வடிவத்தைக் கண்டால்தான், அதை ஏதோ ஒன்று மறைக்கிறது என்று பார்வை முடிவு செய்கிறது. உலகில் ஒரு பொருளின் விளிம்பு, பின்னணியும் அதே நிறமாக இருக்கும் இடங்களில் உண்மையாகவே அறுந்து போகிறது. அந்த இடைவெளிகளை நிரப்பத் தெரியாத கண்ணால், சருகுகளுக்கிடையே பதுங்கிய விலங்கைப் பிரித்தறிய முடியாது. ஆகவே இதைக் கண்ணின் பிழை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

இது சிந்தனை செய்யும் ஊகமா? பிரித்தானிய உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி 1972இல் ஏறத்தாழ அப்படித்தான் கருதினார். ஆனால் முக்கோணம் இல்லை என்று அறிந்த பின்னும் அது மறைவதில்லை. 1984இல் ருடிகர் ஃபான் டெர் ஹைட்டும் அவருடைய கூட்டாளிகளும் குரங்குகளின் இரண்டாம் பார்வைப் புறணியில் (மூளையில் பார்வைச் செய்தியை அலசும் அடுத்த நிலைப் பகுதி), தாம் கவனிக்கும் காட்சிப் பகுதிக்குள் கோடே இல்லாதபோதும், மாய விளிம்பு அதன் வழியே சென்றால் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டனர். வெட்டுகளை மெல்லிய கோடுகளால் அடைத்தபோது நம் கண்ணுக்கு விளிம்பு மங்கியது. அந்த நரம்பணுக்களின் துடிப்பும் தளர்ந்தது. இந்த ஒப்புமையே அந்த ஆய்வின் தலையாய வலிமை என்பேன்.

கூகை ஆந்தையின் மூளையிலும் இத்தகைய நரம்பணுக்கள் உண்டென 1999இல் தெரியவந்தது.

2001இல் லீ, நுயென் என்னும் ஆய்வாளர் இருவரும் குரங்குகளில் இந்தத் துடிப்பு எழும் காலத்தை அளந்தனர். மூளைப் புறணியில் கண்ணின் செய்தியை முதலில் பெறுவது முதல் பார்வைப் புறணி. ஆனால் மாய விளிம்புக்கு இரண்டாம் புறணியே முந்தித் துடித்தது, முதற்புறணி பின்னரே துடித்தது. மேல்நிலையான இரண்டாம் புறணி கண்ட பரப்பின் செய்தி கீழ்நிலையான முதற்புறணிக்குத் திரும்பி வந்து, அங்கே விளிம்பைத் தீட்டுகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.